வரவு யார் கணக்கில்?

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. சினிமா பார்த்தாலும் வரவு என்ன, செலவு என்ன என்றுதான் மூளை கேட்கும். டாகுமெண்டரி என்றால் கேட்கவே வேண்டாம். ‘இதைப் பார்த்து எவன் சார் திருந்தறான்?’ என்பது எங்கள் ஆபீஸின் ஏகமனதான தீர்ப்பு.

ஆனந்த் பட்வர்தன் 1985-ல் எடுத்த ‘ஹமாரா ஷஹர்’ பார்த்தபோது, அந்தக் கேள்வியைப் படமே கேட்டுவிட்டது. பம்பாயில் குடிசைகளை இடித்துத் தள்ளுகிறார்கள். ஒரு பெண்மணி படம் எடுக்கிறவரைப் பார்த்துச் சீறுகிறார். ஏழைகளைப் படம் பிடித்து நீ பேர் வாங்கிக்கொள்வாய், எங்களுக்கு என்ன ஆகப்போகிறது என்கிற ரீதியில் செம டோஸ்! நானாக இருந்தால் அந்தத் துண்டை எடிட்டிங்கிலேயே கத்தரித்திருப்பேன். மனுஷன் அதைப் படத்திலேயே வைத்துவிட்டார்.

அந்த அம்மாள் சொன்னதில் பாதி பலித்தது. படத்துக்குத் தேசிய விருது கிடைத்தது. மீதிப் பாதிதான் விஷயமே.

1986-ல் சஞ்சய் காந்தி நகர் குடிசைகளை இடித்தார்கள். பட்வர்தனும் நடிகை ஷபனா ஆஸ்மியும் குடிசைவாசிகளோடு உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். ஐந்து நாள். கடைசியில் அரசாங்கம் கோரேகாவில் மாற்று இடம் தர ஒப்புக்கொண்டது.

உடனே, ‘அப்படின்னா இடம் வாங்கித் தந்தது பட்டினிதானே, படம் இல்லையே?’ என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் முகத்துக்கு நேரே அப்படி ஒரு கேள்வியை வாங்கிக்கொண்டவர், விருதை அலமாரியில் வைத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட முடியுமா என்ன?

எடுத்தவர் தன் பங்கைக் கட்டிவிட்டார். பாக்கி, பார்த்தவர்கள் பேரில் நிற்கிறது.