முதலில் எங்கே நிற்கிறோம்?



'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்பார்கள். கம்ப்யூட்டர் முன்னால் வாய்க்குப் பதில் விரல், அவ்வளவுதான் வித்தியாசம். அங்கேயும் வழி கேட்கத் தெரிந்தவர்களே பிழைக்கிறார்கள். அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

நம்மில் பலர் வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள். என் அப்பா டேங்கர் லாரி டிரைவர், அம்மா கோழிப்பண்ணையில் வேலை. லினக்ஸ் லேபில் அந்தக் கருப்புத் திரையும் மினுக்கும் ஒற்றைக் கோடும் நம்மை எப்படி மிரட்டும் என்று உங்களுக்கே தெரியும். எடப்பாடிப் பக்கத்திலிருந்து வரும் என் தோழி முதல் வாரமே, "இதெல்லாம் இங்கிலீஷ் மீடியம் புள்ளைங்களுக்குத்தான்டி வரும். நான் டி.சி. வாங்கிட்டுப் போயி தறி ஓட்டறேன்" என்றாள். விளையாட்டுப் பேச்சல்ல. அவள் வீட்டில் தறிக்கு ஆள் தேவையாகத்தான் இருந்தது.

அந்த வாரம் டிரிப் முடித்து வந்த அப்பாவிடம், "தெரியாத ஊருக்குப் போனா எப்படிங்கப்பா வழி கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டேன். "மொதல்ல எங்க நிக்கறோம்னு கேக்கோணும் கண்ணு. அப்புறம் சுத்தி என்ன இருக்குதுன்னு பாக்கோணும். அதுக்கப்புறந்தான் வண்டிய எடுக்கோணும்" என்றார்.

லேபில் சொல்லித் தந்த முதல் மூன்று கட்டளைகளும் இதே வரிசைதான்! 'பி.டபிள்யூ.டி.' என்றால் எங்கே நிற்கிறோம். (பொதுப்பணித் துறை இல்லீங்க!) 'எல்.எஸ்.' என்றால் இங்கே என்ன இருக்கிறது. 'சி.டி.' என்றால் கிளம்பு. 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸை உருவாக்கத் தொடங்கியபோது டெலிபிரிண்டர் மெஷினில்தான் தட்டினார்கள். அதனால் கட்டளைகளைச் சுருக்கமாக வைத்துக்கொண்டார்கள். இரண்டு மூன்று எழுத்துக்கு இங்கிலீஷ் மீடியம் எதற்கு?

பழகுவதற்கு வீட்டில் கம்ப்யூட்டர் ஏது? எங்கள் தெரு அக்கா ஒருவரிடம், 2011-ல் தொடங்கிய திட்டத்தில் தமிழக அரசு கொடுத்த பழைய மடிக்கணினி இருந்தது. பேட்டரி போய்விட்டது, பிளக்கில் போட்டால் ஓடும். அதில் விண்டோஸோடு சி-டாக் நிறுவனத்தின் 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. ஞாயிறு தோறும் நானும் தோழியும் அங்கே ஆஜர்.

முதலில் காகிதத்தில் ஒரு மரம் வரைந்தோம். மேலே தமிழ்நாடு. அதற்குள் சேலம். சேலத்துக்குள் ஓமலூர், சங்ககிரி, நாமக்கல். நாமக்கல்லுக்குள் ராசிபுரம், திருச்செங்கோடு. பிறகு 'எம்.கே.டி.ஐ.ஆர்.' போட்டு அத்தனையையும் ஃபோல்டர்களாக்கினோம். "நாமக்கல் 1997-லயே தனி மாவட்டம் ஆயிடுச்சேடி!" என்றாள் தோழி. உடனே 'எம்.வி.' கட்டளையால் நாமக்கல்லைத் தூக்கிச் சேலத்துக்கு வெளியே, தமிழ்நாட்டுக்குள் வைத்தோம். உள்ளே இருந்த ராசிபுரமும் திருச்செங்கோடும் கூடவே போய்விட்டன!

பிறகு ஒருவர் ஊர் சொல்ல, மற்றவர் போக வேண்டும். ராசிபுரத்தில் நிற்கிறோம், ஓமலூர் போகணும். இரண்டு புள்ளி என்றால் ஒரு படி மேலே. ஒருமுறை ஏறினால் நாமக்கல், இன்னொருமுறை ஏறினால் தமிழ்நாடு. அங்கிருந்து சேலம், அதற்குள் ஓமலூர். பஸ் என்றால் ராசிபுரத்திலிருந்து நேரே சேலம் போய்விடும். கம்ப்யூட்டருக்கு மரத்தில் ஏறி இறங்கும் வழி மட்டுமே. இப்படி நிற்கிற இடத்திலிருந்து சொல்வது ஒருவகை வழி. உச்சியிலிருந்து, சாய்கோட்டில் தொடங்கி முழு விலாசமும் சொல்வது இன்னொரு வகை. முழு விலாசம் எங்கே நின்றாலும் மாறாது.

சில குறிப்புகள் சொல்கிறேன். பெயரின் முதல் சில எழுத்தைத் தட்டி 'டேப்' அழுத்துங்கள், மீதியை அதுவே போட்டுக்கொள்ளும். லினக்ஸில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. வெறும் 'சி.டி.' தட்டினால் எங்கே தொலைந்திருந்தாலும் வீட்டுக்கு வந்துவிடலாம். விண்டோஸில் அதே வெறும் 'சி.டி.' நிற்கும் இடத்தைச் சொல்லும், அங்கே 'எல்.எஸ்.'ஸுக்குப் பதில் 'டி.ஐ.ஆர்.', சாய்கோடும் எதிர்ப்பக்கம் சாயும். முக்கியமாக, பார்ப்பதாலும் நடப்பதாலும் எந்த ஃபைலும் அழியாது. ஆகவே பயமின்றிச் சுற்றுங்கள். அழிக்கிற கட்டளை 'ஆர்.எம்.' தனி, அதை மட்டும் யோசித்துத் தட்டுங்கள்.

செய்முறைத் தேர்வில் தோழி என்னைவிட முந்தி முடித்துவிட்டு எழுந்தாள். டி.சி. பேச்சு இப்போது இல்லை. தறி ஓட்டுவது மட்டும் ஞாயிறு காலையில் நடக்கிறது.

முதலாண்டுத் தம்பி தங்கைகளே! கருப்புத் திரையைப் பார்த்து 'நமக்கு வராது' என்று ஒதுங்காதீர்கள். ஒரு காகிதம், ஒரு பென்சில், கூட ஒரு நண்பர் போதும். உங்கள் ஊரையே மரமாக வரையுங்கள். எங்கே நிற்கிறோம் என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மற்றதை லேபில் பார்த்துக்கொள்ளலாம், வாங்க!