போனட்டில் ஒரு மூக்கு

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸைத் தாண்டி வந்து, 'ஓட்டை கார்க்காரர் வீடு எது?' என்று யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். ஓட்டை என்றால் துருப்பிடித்த ஓட்டை இல்லை. போனட்டின் நடுவில், மூக்கு மாதிரிப் புடைத்துக்கொண்டு ஒரு துவாரம். கம்பெனியே வைத்தது. பக்கத்து வீட்டுப் பொடியன் ஒரு நாள் அதை லெட்டர் பாக்ஸ் என்று நினைத்து, எங்கள் வீட்டு கரன்ட் கார்டை உள்ளே போட்டுவிட்டான். தேடி எடுப்பதற்குள் கடைசித் தேதி முடிந்து அபராதம்!

கார் செவர்லே ஃபாரஸ்டர். 2005 மாடல். டர்போ, நாலு சக்கரமும் இழுக்கும். 2013-ல் சென்னையில் ஒரு டாக்டரிடம் இரண்டே கால் லட்சத்துக்கு வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தியதும் என் மனைவி சுற்றிவந்து பார்த்துவிட்டு, "ஏங்க, இது அமரர் ஊர்தி மாதிரி இருக்கே?" என்றாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. கூரை பின்பக்கம் வரைக்கும் நீண்டு, தனியாக டிக்கி என்று ஒன்று இல்லாத எஸ்டேட் காரை நம் ஊர் ஒருபோதும் மதித்ததில்லை. 1992-ல் டாடா எஸ்டேட் வந்தது. அப்புறம் பலேனோ ஆல்ட்டுரா, ஆக்டேவியா காம்பி எல்லாம் வந்து பார்த்தன. எதுவும் நிலைக்கவில்லை. நமக்கு கார் என்றால் பின்னால் ஒரு பெட்டி துருத்திக்கொண்டு நிற்க வேண்டும். இல்லையா, ஜீப் மாதிரி உயரமாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருப்பதெல்லாம் சவ வண்டி!

இந்த டர்போ விஷயத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சாதாரண எஞ்சின் தன் மூச்சைத் தானே இழுத்துக்கொள்ளும். டர்போ எஞ்சினில், வீணாகப் போகும் எக்ஸாஸ்ட் புகை ஒரு குட்டி விசிறியைச் சுழற்றும். அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு விசிறி. அது வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று அதிகம் போனால் பெட்ரோலும் அதிகம் எரியலாம், பலமும் அதிகம். ஆல்ஃபிரட் ப்யூகி என்கிற சுவிட்சர்லாந்து எஞ்சினியர் 1905-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அமுக்கிய காற்று சூடாகிவிடும் இல்லையா? அதைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குக் காற்று விடத்தான் அந்த மூக்கு. நிமிஷத்துக்கு லட்சம் சுற்றைத் தாண்டிச் சுழலும் அந்த விசிறியைக் காப்பாற்றுவது அதன் அச்சில் ஓடும் மெல்லிய ஆயில் படலம்தான். அதனால் வேகமாக ஓட்டிவிட்டு வந்தால் சாவியை உடனே திருப்பக்கூடாது. ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட வேண்டும். தெருவே வேடிக்கை பார்க்கும், 'இந்த ஆளு ஏன் வீட்டுக்குள்ள போக மாட்டேங்கிறான்' என்று.

செங்கம் ரோட்டில் ஒரு லாரியைத் தாண்ட ஆக்ஸிலேட்டரை மிதித்தால், முதலில் ஒன்றும் நடக்காது. யோசிக்கும். அப்புறம் முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளுகிற மாதிரி ஒரு உந்தல். அந்த ஒரு கணத்துக்காக லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் என்பதைப் பல வருஷமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் இப்படி ஒன்றை வாங்கலாமா? வேண்டாம். ஒரு டயர் பஞ்சராகி வீணாய்ப்போனால் நான்கையும் மாற்ற வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியுமா? நாலு சக்கரமும் எப்போதும் இழுக்கிற வண்டியில், ஒன்று புதிதாகவும் மற்றவை தேய்ந்தும் இருந்தால் சுற்றளவு மாறும். நடுவில் இருக்கிற டிஃபரன்ஷியல் பாடுபட்டு வீணாகும். எஞ்சினோ படுத்த வாக்கில் இருக்கிறது. பிஸ்டன்கள் மேலும் கீழும் போகாமல், குத்துச்சண்டைக்காரர்கள் கையை நீட்டுகிற மாதிரி இடமும் வலமும் போகும். ஸ்பார்க் பிளக் மாற்ற மெக்கானிக் பக்கவாட்டில் கையை விட்டுத் துழாவ வேண்டும். முதல் தடவை போனபோது எங்கள் ஊர் மெக்கானிக், "சார், இன்ஜினையே காணோமே!" என்றார். கதவைத் திறந்தால் கண்ணாடி சட்டம் இல்லாமல் தனியாக நிற்கும். உடைந்துவிட்டதென்று அவர் பயந்தது வேறு கதை.

அந்த மெக்கானிக்தான் கண்டுபிடித்துச் சொன்னார். "சார், மூஞ்சில செவர்லேன்னு போட்ருக்கு. உள்ள எல்லாத்துலயும் சுபாருன்னு போட்ருக்கு."

உண்மைதான். இது ஜப்பானில் சுபாரு செய்த கார். அந்தக் கம்பெனியில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு 20 சதவிகிதப் பங்கு இருந்ததால், இந்தியாவில் செவர்லே பொட்டு வைத்து விற்றார்கள். 2005 அக்டோபரில் அந்தப் பங்கை விற்று உறவை முடித்துக்கொண்டது ஜெனரல் மோட்டார்ஸ். என் காரின் பதிவுப் புத்தகத்தைப் பாருங்கள்: 2005 அக்டோபர். பிறந்த மாதமே அநாதை! 2017 கடைசியில் செவர்லேயும் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திக்கொண்டது. டைமிங் பெல்ட் வேண்டுமென்றால் சிங்கப்பூரில் இருக்கும் என் அக்கா மகனுக்குப் போன் போட வேண்டும். செவர்லே என்று கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். சுபாரு என்று கேட்க வேண்டும். கோடாலித் தைலத்துக்கும் சாக்லேட்டுக்கும் நடுவில் பெட்டியில் வந்து சேரும்.

எதிர்வீட்டில் ரிட்டயரான தமிழ் வாத்தியார் ஒருவர் இருக்கிறார். எதற்கும் பெயர்க்காரணம் கேட்கிறவர். "சுபாருன்னா இன்னா தம்பி?" என்றார். தேடிப் பார்த்தேன். வானத்தில் கொத்தாகத் தெரிகிற ஒரு நட்சத்திரக் கூட்டத்துக்கு ஜப்பானியர் வைத்த பெயர். கம்பெனியின் சின்னத்திலும் ஆறு நட்சத்திரம். ஐந்து கம்பெனிகள் சேர்ந்து 1953-ல் ஒரே பெரிய கம்பெனியானதன் அடையாளம். சொன்னதும் வாத்தியார் எழுந்தே நின்றுவிட்டார். "அடப்பாவி, அது அறுமீன் தம்பி! கார்த்திகை! தீபத்துக்குப் பேர் குடுத்த நட்சத்திரம். உன் கார் எங்க போய்ச் சேரணுமோ அங்கதான் வந்து சேந்திருக்கு."

வாத்தியாருக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. திங்கள், வியாழன் டயாலிசிஸ். தண்ணீரை டம்ளர் கணக்கில் அளந்து குடிப்பவர். ஆட்டோவில்தான் போய்வருவார்.

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. ஃபெஞ்சல் புயல் மழை. சாயந்திரம் வ.உ.சி. நகரில் மலைச்சரிவு, வீடு ஒன்று புதைந்துவிட்டது என்று செய்தி வந்தது. உள்ளே ஏழு பேர், அதில் ஐந்து பேர் குழந்தைகள் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. யாரும் பிழைக்கவில்லை. நம் மலை, தினம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிற மலை, இப்படிச் செய்யும் என்று யார் நினைத்தோம்?

திங்கள் காலை எங்கள் தெருவில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே தண்ணீர். ஆட்டோக்காரர் வரவில்லை. வாத்தியார் வீட்டம்மா கேட்டருகே வந்து நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. நின்றார், அவ்வளவுதான். வாத்தியாரின் கால் இரண்டும் வீங்கியிருந்தன.

நாலு சக்கரம் இழுக்கிற கார்தானே என்று நீங்கள் நினைக்கலாம். தண்ணீருக்கு அதெல்லாம் தெரியாது. எஞ்சின் படுத்திருப்பது வளைவில் நல்லது, வெள்ளத்தில் பயம். ஒரு வாய் தண்ணீர் உள்ளே இழுத்தால் தீர்ந்தது, அநாதைக்கு வேறு எஞ்சின் கிடையாது. முதல் கியரில், கிளட்சைத் தொடாமல், ஒரே சீராக ஓட்டினேன். தெருமுனையில், பைப்புக்குத் தோண்டி மூடாத பள்ளம் தண்ணீருக்கடியில் இருந்தது. முன் சக்கரம் ஒன்று தொப்பென்று இறங்கிவிட்டது. கார் ஒரு பக்கம் சாய்ந்தது. வாத்தியார் என் தோளைப் பிடித்துக்கொண்டார். மற்ற மூன்றும் சேர்ந்து மெதுவாகத் தள்ளி மேலே ஏற்றிவிட்டன. பத்து விநாடி இருக்குமா? என் சட்டை நனைந்திருந்தது, மழையில் இல்லை.

நாலு மணி நேரம் டயாலிசிஸ். திரும்பும்போது மழை விட்டு, மலையில் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது, பச்சையைக் கிழித்த மாதிரி. வழக்கமாக வழி நெடுகப் பேசுகிறவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போது மட்டும், "பொறுப்பில்லாத காரியம் பண்ணிட்டோம் தம்பி, ரெண்டு பேரும்" என்றார். அது உண்மை. அந்தத் தண்ணீரில் இன்னொருவரை நான் ஓட்டச் சொல்ல மாட்டேன்.

அந்த வருஷம் டிசம்பர் 13-ல் தீபம். பக்தர்களை மலையேற விடவில்லை. மொட்டை மாடியிலிருந்து பார்த்தோம். தீபத்தை விட்டுவிட்டு நிலாவையே பார்த்துக்கொண்டிருந்தார் வாத்தியார். பக்கத்தில் அறுமீன் இருக்கிறதாம். நிலா வெளிச்சத்தில் எனக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து திங்களும் வியாழனும் என் வண்டிதான்.

2025 ஆகஸ்டில் ஒரு அறிவிக்கை வந்தது. இருபது வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 10,000 ரூபாய். இறக்குமதிக் கார் என்றால் 80,000! கப்பலில் வந்த கார் என்பதால் எனக்கு இரண்டாவது கணக்கு. அக்டோபரில் இருபது வருஷம் முடிகிறது. போதாக்குறைக்கு இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இது பிறந்தபோது யாரும் நினைக்காத தீனி. ரப்பர் ஹோஸ்களை எல்லாம் மாற்றச் சொல்லிவிட்டார் மெக்கானிக். புதுப்பிக்கிற காசுக்கு இந்தக் காரை எடைக்குக்கூட எடுக்கமாட்டார்கள்.

விஷயம் எதிர்வீட்டுக்கும் போய்விட்டது. வாத்தியார் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். "வித்துடு தம்பி. எனக்காக வெச்சிருக்காத. ஆட்டோ வருது, நான் போய்க்குவேன்."

"உங்களுக்காக இல்ல ஐயா. டர்போவுக்காக" என்றேன். அவர் நம்பவில்லை. நானும்தான்.

அன்று ராத்திரி மனைவியிடம் கணக்குச் சொன்னேன். "கிட்டத்தட்ட ஒரு பவுன்" என்றாள். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் சாப்பாட்டு மேஜையில், என் தட்டுக்குப் பக்கத்தில் அவளுடைய ஏ.டி.எம். கார்டு இருந்தது. "பாதி என்னோடது. இனிமே அமரர் ஊர்தின்னு சொல்லமாட்டேன்" என்றாள்.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் சேசிஸ் நம்பரின் மேல் காகிதம் வைத்து, பென்சிலால் தேய்த்து எடுத்தார்கள். இன்ஸ்பெக்டர் போனட்டைத் திறக்கச் சொல்லி, வெகுநேரம் பார்த்தார். "ஏன் சார், இது செவர்லேயா, சுபாருவா?" என்றார். ரெண்டும்தான் என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

2030 அக்டோபர் வரைக்கும் ஓட்டலாம். ஹோஸ் மாற்றி, ஆயில் மாற்றி வண்டி வாசலில் நிற்கிறது. நாளைக்குத் திங்கள். ஆறரைக்கு ஹாரன் அடிக்க வேண்டும். அதற்கு முன்னாலேயே வாத்தியார் கேட்டருகே வந்து நின்றிருப்பார், கையில் அளந்து ஊற்றிய அரை டம்ளர் காப்பியோடு.