அறுபத்தைந்து சென்டிமீட்டர் சொர்க்கம்!

டென்ட்டின் பையில் 'இருவருக்கானது' என்று அச்சடித்திருந்தால் அதை எந்த அளவுக்கு நம்பலாம்? டவுன் பஸ்ஸில் 'நிற்க 25 பேர்' என்று எழுதியிருக்கிறார்களே, அந்த அளவுக்கு நம்பலாம். ஒரே ஒரு வித்தியாசம். பஸ்ஸில் எழுதினதைவிட அதிகம் பேர் நிற்பார்கள். டென்ட்டில் எழுதினதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் படுக்க முடியும்!

மலையேறக் கிளம்பும் இளைஞர்கள் இப்போது ஆபீஸுக்கு நாலு பேராவது இருக்கிறார்கள். லீவு லெட்டர் எழுதும்போதே, "சார், வெயிட் கம்மியா ஒரு டென்ட் வாங்கலாம்னு இருக்கேன். எது நல்லது?" என்று கேட்கிறார்கள். கடைக்காரர் சொல்வதை நம்பாமல், ஹிமாசல் மலையில் நாலு ராத்திரி படுத்துப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். நல்லதும் கெட்டதும் இந்த ரக டென்ட்டுகள் எல்லாவற்றுக்கும் ஏறக்குறையப் பொருந்தும்.

முதலில் உடற்கூறு. இந்த டென்ட்டுக்கு இரண்டு சட்டை. உள்ளே கொசுவலை மாதிரி ஒரு கூடு. அடியில் தண்ணீர் புகாத தரை. வெளியே மழை தாங்கும் மேல்துணி. இரண்டையும் தூக்கி நிறுத்த, மடக்கி வைக்கிற அலுமினியக் கழிகள். தரையில் அடிக்க முளைகள், இழுத்துக் கட்டக் கயிறுகள். மேல்துணி இரண்டு பக்கமும் வாசலுக்கு வெளியே கொஞ்சம் நீண்டிருக்கும். இங்கிலீஷில் அதற்குப் பெரிய பெயர் இருக்கிறது. நாம் 'திண்ணை' என்றே வைத்துக்கொள்வோம். ஷூவும் மூட்டையும் அங்கேதான்.

லேபிளில் எடை 1.8 கிலோ. எங்கள் தெரு மளிகைக்கடைத் தராசில் வைத்தேன். 2 கிலோ 50 கிராம்! கடைக்காரர், "என்ன தம்பி, சர்க்கரையா?" என்றார். கம்பெனி பொய் சொல்லவில்லை; கணக்கில் சாமர்த்தியம். உள்கூடு 700, மேல்துணி 650, கழிகள் 450... ஆக 1,800 கிராம். முளை, கயிறு, பை எல்லாம் சேர்ந்து 250 கிராம், அது லேபிளில் சேர்த்தி இல்லை. முளை இல்லாமல் மலையில் டென்ட் போட்டால் அதற்குப் பெயர் பட்டம். ஆகவே வாங்கும்போது மொத்த எடை என்ன என்று கேளுங்கள். ஆளுக்குப் பாதி தூக்கினால் ஒரு கிலோ சொச்சம். இது நல்ல எடைதான்.

அடுத்தது '20 டெனியர்' என்று ஒரு சமாசாரம். நூலின் கனத்தைச் சொல்கிற அளவு அது. 9,000 மீட்டர் நூல் 20 கிராம் இருந்தால் 20 டெனியர். சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் நூல் விட்டாலும் எடை இருபது கிராம்தான் என்றால் எவ்வளவு மெல்லிசு என்று பார்த்துக்கொள்ளுங்கள். முள்ளும் கூர்க்கல்லும் இதற்குச் சத்துருக்கள். டென்ட் போடுமுன் தரையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் விரிக்க வேண்டும்.

'2,000 மி.மீ.' என்று இன்னொன்று போட்டிருக்கும். அந்தத் துணிமேல் இரண்டு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர்த் தூணை நிறுத்தினாலும் கசியாது என்று அர்த்தம். சாதாரண மழைக்குத் தாராளம். தரைத்துணிக்கு மட்டும் இதைவிட அதிகம் இருந்தால் நல்லது. ஈர மண்ணில் நாம் முழங்காலை ஊன்றும்போது அந்த இடத்தில் அழுத்தம் மிக அதிகம்.

முதல் பரீட்சை எங்கள் வீட்டு மொட்டை மாடியில். சிமென்ட்டில் முளை அடிக்க முடியாது. ஆனாலும் கழிகளின் பலத்தில் தானாக நிற்கிற ரகம் என்பதால் நின்றது. திண்ணையை மட்டும் செங்கல்லில் கட்டினேன். வடாம் எடுக்க வந்த வீட்டுக்கார மாமி சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"என்னப்பா இது, யாருக்குக் கல்யாணம்?"

"கல்யாணம் இல்லை மாமி. இதுல ரெண்டு பேர் படுத்துக்கலாம்."

மாமி வடாம் தட்டோடு வேகமாகக் கீழே இறங்கிப் போய்விட்டார். அதற்கப்புறம் ஒரு வாரம் என்னைப் பார்க்கிற பார்வையே சரியில்லை.

கூட வந்தவர் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் நண்பர். ஒன்பது வருஷமாகப் பக்கத்து சீட். பெயர் வேண்டாம், 'அக்கவுண்ட்ஸ்' என்றே கூப்பிடுவோம். வவுச்சரில் எட்டணா உதைத்தாலும் வீட்டுக்குப் போகாத மனுஷர். 2024 ஜூலையில் டெல்லி வரை ரயில், அங்கிருந்து ராத்திரி பஸ்ஸில் மணாலி, பிறகு ஜோப்ரா என்ற இடம் வரை ஜீப். அங்கிருந்து நடை. ஹம்ப்டா கணவாய் எங்கள் லட்சியம். உயரம் சுமார் 4,270 மீட்டர். குதிரை வேண்டாம், ஒரு கைடு போதும் என்று ஏற்பாடு.

டென்ட்டைச் சோதிக்க இதைவிட நல்ல பாதை கிடையாது. காரணம், கணவாய்க்கு இந்தப் பக்கம் குலு; மழைக்காலத்தில் கொட்டித் தீர்க்கும் பச்சைப் பள்ளத்தாக்கு. அந்தப் பக்கம் லாஹுல். மேகத்தையெல்லாம் பீர் பஞ்சால் மலைத்தொடர் வாங்கிக்கொண்டுவிடுவதால் மொட்டைப் பாறையும் வறண்ட காற்றும்தான். ஒரே டிக்கெட்டில் செரபுஞ்சியும் ராமநாதபுரமும்!

முதல் ராத்திரி சிக்காவில். பொழுது சாயுமுன் டென்ட் போட்டு, இரண்டு மெத்தைகளை விரித்தோம். தலைமாட்டில் அகலம் 130 சென்டிமீட்டர். ஆளுக்கு 65. மெத்தை ஒன்று 51. கணக்குப்படி 28 சென்டிமீட்டர் மிச்சம். ஆனால் கால்மாட்டில் டென்ட் 110-ஆகக் குறுகிவிடுகிறது. அங்கே மிச்சம் எட்டே சென்டிமீட்டர். அக்கவுண்ட்ஸ் இன்ச் டேப் இல்லாமலே கண்டுபிடித்துவிட்டார்.

"யோவ், தலைக்கு சாங்ஷன் ஆனது காலுக்கு ஏன்யா ஆகலை?"

"எடையைக் குறைக்க அங்கே வெட்டியிருக்காங்க."

"எங்க பட்ஜெட் மாதிரியே இருக்கு!"

ஆனால் ஒரு நல்ல விஷயம். இரண்டு பக்கமும் வாசல். ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவர் வெளியே போக இன்னொருவரைத் தாண்ட வேண்டியதில்லை. கல்யாணமான டென்ட்டோ பிரம்மச்சாரி டென்ட்டோ, இரண்டு வாசல் உள்ளதையே வாங்குங்கள். அதற்காக நூறு கிராம் கூடினாலும் தகும்.

இரண்டாம் ராத்திரிதான் பரீட்சை. இடம் பாலு கா கேரா. மணல் திட்டு, பக்கத்தில் ஓடை, உயரம் சுமார் 3,600 மீட்டர். ஓடைக் கரையில் சமதளமாக ஓர் இடத்தை அக்கவுண்ட்ஸ் காட்டினார். கைடு தலையை ஆட்டி மறுத்து, இரண்டு ஆள் உயரம் மேலே ஏறி ஓர் இடத்தைக் காட்டினார். மலை ஓடை சாயங்காலம் இருக்கிற மாதிரி ராத்திரி இருக்காது.

எட்டு மணிக்கு ஆரம்பித்தது மழை. மேல்துணியில் விழும் சத்தம், தகரக் கொட்டகையில் பட்டாணி வறுக்கிற மாதிரி. பேச வேண்டுமானால் கத்த வேண்டும். கத்தினோம். முகம் தெரியாத இருட்டில் அக்கவுண்ட்ஸ் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். முப்பது வருஷம் போஸ்ட் ஆபீஸில் ஊர் ஊராகத் தபால் பிரித்தவர். குலு, லாஹுல் என்று அட்ரஸில் எத்தனையோ ஊர் படித்தவர். தான் மட்டும் திருப்பதியைத் தாண்டிப் போனதில்லை. "லீவு இருந்துச்சுய்யா. போகலை" என்றார். ஒன்பது வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தெரியாத சங்கதி, 65 சென்டிமீட்டரில் தெரிந்தது.

இரண்டு மணிக்கு எழுப்பினார். "யோவ், என் கால் நனையுது!"

டார்ச் அடித்துப் பார்த்தேன். மேல்துணி தொய்ந்து கால்மாட்டில் உள்கூட்டின்மேல் படுத்திருந்தது. இது நைலானின் குணம். நனைந்தால் நீளும். பாலியெஸ்டர் அவ்வளவு நீளாது. சாயங்காலம் தம்புரா தந்தி மாதிரி இழுத்துக் கட்டினாலும் மழையில் இரண்டு மணி நேரத்தில் பழைய வேட்டி மாதிரி ஆகிவிடும். வெளியே போய் ஆறு கயிற்றையும் மறுபடி இறுக்கினேன். ஐந்து நிமிஷம், பல் கிட்டித்துவிட்டது. மேல்துணி நிமிர்ந்தது. சொட்டு நின்றது.

காலையில் அடுத்த புகார். மேல்துணியின் உட்புறம் முழுக்க நீர் முத்துக்கள். தொட்டால் உதிர்கிறது.

"ஒழுகுது. நான் திரும்பறேன். நீ போய்ட்டு வா."

விளையாட்டாகச் சொல்லவில்லை. அவர் கேட்டதில் நியாயமும் இருந்தது. எங்கள் ஸ்லீப்பிங் பேக் இறகு அடைத்தது. நனைந்தால் இறகு ஒட்டிக்கொண்டு சூடு காக்காது. அன்றைக்கு ராத்திரி தூங்க வேண்டிய ஷியா கோரு கணவாய்க்கு அந்தப் பக்கம், சுமார் 3,900 மீட்டரில். ஒழுகுகிற டென்ட்டோடு அங்கே போவது வீரம் இல்லை, முட்டாள்தனம். நிஜமாகவே ஒழுகியிருந்தால் இரண்டு பேருமே திரும்ப வேண்டியதுதான்.

ஒழுகியதா, இல்லையா? கைடைக் கூப்பிட்டோம். அவர் விரலால் ஒரு கோடு இழுத்தார். நாக்கு நுனியில் அலட்சியம். "ஸாஸ் கா பானி!"

அக்கவுண்ட்ஸ் ஹிந்தி பிரசார சபாவில் மத்யமா பாஸ். திடுக்கிட்டுவிட்டார். "என்னய்யா, மாமியார் தண்ணிங்கறான்?"

மாமியார் இல்லை, மூச்சு! மூக்கால் சொல்கிற ஒரு எழுத்தில் அவ்வளவு வித்தியாசம். இரண்டு பேர் ராத்திரி முழுக்க விட்ட மூச்சின் ஈரம், குளிர்ந்த துணியில் பட்டு நீராகிவிடுகிறது. ஐஸ்வாட்டர் டம்ளருக்கு வெளியே வியர்க்கிற மாதிரி. அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். ஒழுகினால் தையல் ஓரமாகக் கோடு கோடாக வழிந்திருக்கும். தரையில் ஒரு மூலையில் குட்டை நிற்கும். மூச்சு நீர் எங்கும் ஒரே சீராகப் பூத்திருக்கும். தையல்களை ஒவ்வொன்றாகத் தடவினார் அக்கவுண்ட்ஸ், ஆடிட் பண்ணுகிற மாதிரி. காய்ந்திருந்தன. தரையும் காய்ந்திருந்தது. ஸ்லீப்பிங் பேக்கில் கால்மாட்டு மேலுறை மட்டும் ஈரம். இறகு உப்பலாகவே இருந்தது.

"டேலி ஆகுது. போலாம்" என்றார்.

மத்தியானம் கணவாய். இந்திராசன் சிகரம், 6,221 மீட்டர், மேகத்தை ஒதுக்கிவிட்டு ஐந்து நிமிஷம் தரிசனம் தந்தது. அக்கவுண்ட்ஸ் ஒன்றும் பேசாமல் நின்றார். நானும் பேச்சுக் கொடுக்கவில்லை.

ஷியா கோருவில் குளிர் எலும்பைத் தேடிப் பிடித்தது. "உள்ளயே ஸ்டவ்வை வெச்சு ஒரு காபி போட்டுடலாமா?" என்றார். முடியாது என்றேன். இதை மட்டும் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். மூடின டென்ட்டுக்குள் அடுப்பு கூடவே கூடாது. துணி பற்றிக்கொள்ளும். அதுகூடக் கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. வாசனையே இல்லாத கார்பன் மோனாக்ஸைடு தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். காபி வெளியே, பாறை மறைவில் தயாரானது. ஆறுவதற்குள் குடிக்க ஓட்டப்பந்தயம்.

அன்று குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் மூடாமல், மேல்துணியின் ஜன்னலையும் ஒரு திண்ணையின் மேல்பக்க ஜிப்பையும் திறந்தே வைத்தோம். காற்று ஓடினால் மூச்சின் ஈரம் வெளியே போய்விடும். காலையில் மெல்லிய பனிப்பொடி மட்டும். தட்டினால் உதிர்ந்தது.

பிறகு சத்ருவில் இறங்கி, ஜீப்பில் சந்திரதால் ஏரி. சுமார் 4,250 மீட்டரில் நீலத்தில் ஒரு பிறைத் துண்டு. 2005-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த நீர்நிலை. கரையில் டென்ட் போட அனுமதி இல்லை. சில கிலோமீட்டர் தள்ளித்தான் முகாம்கள். மழை இல்லை, ஆனால் காற்று. முளை மணலில் நிற்காததால் கயிறுகளைப் பெரிய கற்களில் சுற்றினோம். கழிகள் வில்லாக வளைந்தன, ஒடியவில்லை.

இனி மார்க் ஷீட். பத்துக்கு:

எடை - 8. ஆளுக்குப் பாதி சுமந்தால் தோள் திட்டாது.

மழை - 8. கயிற்றை ராத்திரி ஒருமுறை இறுக்கச் சோம்பல் படுபவர்களுக்கு 4.

காற்று - 7. முளைகளுக்கு மட்டும் தனியாகக் கேட்டால் 3. நாலைந்து பலமான முளைகள் தனியே வாங்கிக்கொள்ளுங்கள்.

மூச்சு நீர் - 6. ஜன்னலைத் திறந்து வைத்தால் 7.

இடம் - 5. ஒருவருக்கு அரண்மனை. இருவருக்கு சமரசம்.

யார் வாங்கலாம்? வருஷத்துக்கு இரண்டு தடவையாவது மலைக்குப் போகிறவர்கள், சொந்தத் தோளில் சுமக்கிறவர்கள் வாங்கலாம். ஒரே ஒரு தடவை ஆசைக்குப் போகிறவர்கள் பணத்தை விரயம் பண்ண வேண்டாம். மணாலியில் வாடகைக்கே கிடைக்கிறது. வாங்கினால், ஊர் திரும்பியதும் பையோடு பரணில் போட்டுவிடாதீர்கள். நன்றாக நிழலில் காயவைத்து மடியுங்கள். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடித்து, உள்பூச்சு உரிந்துவிடும்.

குறட்டைக்கு இந்த டென்ட்டில் எந்தத் தடுப்பும் கிடையாது. கம்பெனி லேபிளில் அதைச் சொல்லவில்லை. அக்கவுண்ட்ஸ் நாலு ராத்திரியும் விட்டார். நானும் விட்டேன் என்று அவர் ஆபீஸில் சொல்லிக்கொண்டு திரிகிறார். வவுச்சர் இல்லாததால் அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை!