சுரபுன்னைக் காட்டில் ஒரு படகுப் பயணம்

தண்ணீர் என்றாலே எனக்கு நடுக்கம். எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது என் தம்பியை ஊர்க் குளம் கொண்டுபோய்விட்டது. அதன் பிறகு எந்தப் படகிலும் நான் காலை வைத்ததில்லை.

போன தை மாதம் சிதம்பரத்தில் ஓர் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். மறுநாள் காலை, "பிச்சாவரம் பக்கம்தானே, போய்ப் படகில் சுற்றிவிட்டு வரலாம்" என்றார் இவர். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளோ, "அம்மா வரலேன்னா எனக்கும் பயமா இருக்கு" என்று உட்கார்ந்துவிட்டாள். என் பயம் அவளையும் தொற்றிக்கொண்டதே என்று சுருக்கென்றது. சரி, நானும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு துடுப்புப் படகில் ஏறினோம். "நடுவுல உட்காருங்கம்மா. எழுந்து நிக்காம இருந்தாப் போதும். இங்கே கடல் மாதிரி அலை கிடையாது" என்றார் வயதான படகோட்டி.

குறுகலான கால்வாய்க்குள் படகு நுழைந்ததும் குளுகுளுவென்ற நிழல். இருபுறமும் சுரபுன்னை மரங்கள், பந்தல் கால் நட்டதுபோல் வேர்களை ஊன்றிக்கொண்டு நின்றன. வெண்கண்டல் மரத்தைச் சுற்றி, சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நீட்டிக்கொண்டிருந்தன மூச்சு வேர்கள். வெள்ளைக் கொக்குகள் சேற்றில் மீன் தேடிக்கொண்டிருந்தன.

முருங்கைக்காய் போல் தொங்கிய ஒன்றைக் காட்டி, "இது காயில்லேம்மா, நாத்து. சுரபுன்னை விதை தாய் மரத்திலேயே முளைச்சு, வளர்ந்த பிறகுதான் தண்ணியிலே விழும்" என்றார் படகோட்டி. 2004 சுனாமியின்போது, இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்றும் சொன்னார்.

பிள்ளையைப் பக்குவப்படுத்தித் தண்ணீரில் விடுகிற அந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அம்மா, நான் துடுப்புப் போடட்டுமா?" என்று மகள் கேட்டபோது, "போடு" என்றேன். கை நடுங்கியது, ஆனாலும் தடுக்கவில்லை. இப்போது அவள் நீச்சல் கற்றுக்கொள்கிறாள்.

போக நினைக்கும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள்: நவம்பரிலிருந்து ஜனவரி வரை வெளியூர்ப் பறவைகள் நிறைய வரும். வெயில் ஏறுமுன் காலையிலேயே போய்விடுங்கள். தொப்பியும் குடிதண்ணீரும் அவசியம். குழந்தைகள் கிளைகளை ஒடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்; அங்குள்ள தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. பிளாஸ்டிக் பையைத் தண்ணீரில் போடாதீர்கள். எக்காரணம் கொண்டும் லைஃப் ஜாக்கெட்டை நடுவில் கழற்றாதீர்கள்.