மண்புழுவை மறந்துட்டு வாங்க மாமா!

டொராண்டோவிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் காரில் போனால் சிம்கோ ஏரி. பரப்பு 722 சதுர கிலோமீட்டர். எதிர்க்கரை பென்சிலில் கிழித்த கோடு மாதிரிதான் தெரிகிறது. போன ஜூலையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது மாப்பிள்ளை அங்கே அழைத்துப் போனார். "இன்னிக்கு ராத்திரி மீன் குழம்பு என் பொறுப்பு" என்று பேத்தியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். காவிரி வாய்க்காலில் கெண்டை பிடித்து வளர்ந்தவனாச்சே!

முதல் அடி உரிமத்தில் விழுந்தது. 65 வயது தாண்டிய கனடாக்காரர்களுக்கு அது வேண்டாம், விருந்தாளிக்கு வேண்டும். ஒரு நாள் உரிமத்தை மாப்பிள்ளை இணையத்தில் வாங்கினார். அடுத்து, என் மண்புழு யோசனையையும் தள்ளிவிட்டுப் பெட்டியைத் திறந்தார். அத்தனையும் போலி இரை. ரப்பர் புழு, பிளாஸ்டிக் மீன், பளபளக்கும் தகடு. பொம்மைக் கடைதான்.

நாங்கள் தேடிப் போனது ஸ்மால்மவுத் பாஸ். வெண்கல நிறம், உடம்பில் குறுக்குக் கோடுகள், பல நேரம் சிவந்த கண். வாய் கண்ணைத் தாண்டி நீண்டால் அது லார்ஜ்மவுத், வேறு மீன்.

சிவப்பு, மஞ்சள் என்று கண்ணைப் பறிக்கும் ஒன்றை எடுத்தேன். மாப்பிள்ளை சிரித்தார். "அது மனுஷனைப் பிடிக்கிற கலர் மாமா. மீன் கீழே என்ன தின்னுதோ, அதைத்தான் நாம காட்டணும்."

கீழே அது தின்பது கோபி. நம்ம ஊர் உளுவைக்குத் தூரத்துச் சொந்தம். கருங்கடல், காஸ்பியன் கடல் பக்கத்திலிருந்து கப்பல்களின் அடித்தொட்டி நீரில் வந்து, 1990 வாக்கில் வட அமெரிக்காவின் பேரேரிகளில் குடியேறி, பிறகு சிம்கோவுக்கும் வந்துவிட்டது. பாறை இடுக்கில் தரையோடு ஒட்டிக் கிடக்கும். அதனால் பாசியும் பழுப்பும் கலந்த நிறத்தில், வால் பக்கம் குஞ்சம் வைத்த 'டியூப்' என்ற ரப்பர் குழாயை மாட்டினார். உள்ளே 10 கிராம் ஈயத்தலை. பாறைமேல் இறக்கி மெதுவாக இழுக்க வேண்டும்.

எனக்குப் பொறுமை ஏது? வெடுக் வெடுக்கென்று இழுத்தேன். ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை.

அப்புறம் 'டிராப் ஷாட்' கட்டிக் கொடுத்தார். ஈயம் நரம்பின் அடியில். முள் அதற்கு ஓர் அடி மேலே. ஈயம் தரையில் நிற்க, மேலே சின்ன ரப்பர் மீன் மிதந்தபடி நடுங்கும். "ஆட்டாதீங்க, சும்மா பிடிச்சிருங்க" என்றார். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருப்பதால் நரம்பும் மெல்லியதுதான். காற்றடித்து அலை எழும் நாளில் சுழலும் தகடு எடுபடுமாம். அன்று காற்றே இல்லை.

சும்மா பிடித்திருந்தபோதுதான் இழுத்தது. தண்ணீருக்கு மேலே மூன்று முறை துள்ளியது, கை நடுங்கிவிட்டது. இரண்டு கிலோ இருக்கும். குழம்புச் சட்டி கண்ணில் வந்து போனது.

"சட்டப்படி எடுத்துக்கலாம் மாமா. ஆனா இந்தக் குளிர் தண்ணியில இவ்வளவு வளர பத்து வருஷம்கூட ஆகும்" என்றார். இன்னொன்றும் சொன்னார். முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் இருப்பது ஆண் மீன்தான். அதைத் தூக்கிவிட்டால் கோபிகள் சில நிமிடங்களில் கூட்டைக் காலி செய்துவிடும். அதனால் இங்கே ஜூன் பிற்பாதியில்தான் பாஸ் பிடிக்கவே அனுமதி. இப்போது காவல் காலம் முடிந்துவிட்டது. என் கையில் இருந்தது ஆணா பெண்ணா என்றும் தெரியவில்லை. பேத்தி முகம் நினைவுக்கு வந்தது. ஆனாலும் குனிந்து தண்ணீரில் விட்டேன். வாலால் என் சட்டையை நனைத்துவிட்டுப் போனது.

திரும்பும் வழியில் கரையோரம் மஞ்சள் பெர்ச் ஆறு சிக்கியது. உள்ளங்கை நீளம்தான். புளியும் மிளகாய்த்தூளும் கொஞ்சம் தூக்கலாகப் போட்டேன். பேத்தி முள்ளை எடுக்கச் சொல்லி இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள்.