பழைய விசிறி

போன பங்குனியில் எங்கள் வீட்டுக் கூடத்து மின்விசிறியை மாற்றினோம். இருபது வருஷம் உழைத்த விசிறி. இரண்டு தடவை காயில் கட்டியாயிற்று. "இப்போது வருகிற பி.எல்.டி.சி. விசிறி 28 வாட்டில் ஓடும், சார். உங்கள் பழசு 75 வாட் இழுக்கும்" என்றார் கடைக்காரர். விலை 3,000 ரூபாய். முனகிக்கொண்டே வாங்கினேன்.

பழையதை என்ன செய்வது? எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளின் நினைவு வந்தது. அவள் குடியிருப்பது ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. 2011-ல் அரசாங்கம் மிக்ஸி, கிரைண்டரோடு வழங்கத் தொடங்கிய மேஜை விசிறி அவளிடமும் ஒன்று இருந்தது; அது எப்போதோ உயிரை விட்டுவிட்டது. "எடுத்துக்கொண்டு போம்மா" என்றேன். தருமம் செய்த பூரிப்பு எனக்கு இரண்டு நாள் இருந்தது. சொல்லிக்கொள்ளச் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

சித்திரை முடிந்ததும் அவள் என் மனைவியிடம் சம்பளத்தில் முன்பணம் கேட்டாள்.

"காத்து நல்லாத்தான் வருதும்மா. ஆனா கரண்டுக்கு மாசம் முந்நூறுக்கு மேல கூடுதலாக் கேக்குறாரு வீட்டுக்காரரு. யூனிட்டு ஒம்பது ரூவாயாம்."

கதை எழுதுகிறவனுக்குக் கணக்கு எவ்வளவு வரும்? இருந்தாலும் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். அந்தக் கூரையின் கீழ் நாளுக்கு 16 மணி நேரமாவது விசிறி ஓடியாக வேண்டும். 75 வாட் என்றால் மாதம் 36 யூனிட்; 324 ரூபாய். என் புது விசிறி அதே நேரம் ஓடினால் 13 யூனிட் சொச்சம், 121 ரூபாய். அதாவது, மாதம் 200 ரூபாய்ச் செலவைத்தான் நான் அவளுக்குத் தானம் செய்திருக்கிறேன்!

2016 மே மாதம் முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று வந்ததே, அது அவளுக்குக் கிடையாதா? எங்கள் பில்லில் அது ஒழுங்காகக் கழிந்திருந்தது. அவளுக்குப் பில்லே இல்லை. வீட்டுக்காரர் அறைக்கு அறை மாட்டிவைத்திருக்கும் சின்ன மீட்டர்தான் உண்டு.

அந்த மனிதரைப் பார்க்கப் போனேன், சண்டை பிடிக்கும் உத்தேசத்தோடுதான். பார்த்தால் பரம சாது. ஆறு அறைக்கும் மெயின் மீட்டர் ஒன்றுதானாம். உபயோகம் கூடக்கூடக் கட்டண விகிதமும் ஏறுகிற ஏற்பாட்டில், ஆறு குடும்பத்தின் மின்சாரமும் ஒரே ஆள் எரித்ததாகக் கணக்காகி, உச்சிப் படியில் போய் நிற்கிறது. பத்துக்குப் பத்து அறையில் இருப்பவர்கள் பங்களாக்காரனின் விகிதத்தைக் கட்டுகிறார்கள். கூரைமேல் வெள்ளையாவது அடிக்கலாமே, சூடு குறையுமே என்றேன்.

"கரண்டுக் காசு அவங்க தர்றாங்க. நான் ஏன் சார் செலவு பண்ணணும்?"

குடியிருப்பவர்களைக் கேட்டால், "அடுத்த வருசம் இங்க இருப்பமோ என்னமோ, யாரோ வீட்டுக் கூரைக்கு நாங்க ஏன் அடிக்கணும்?" என்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் நியாயந்தான். நடுவில் கூரை கொதிக்கிறது.

எனக்கு எல்.இ.டி. பல்பு வந்த கதை ஞாபகம் வந்தது. 2015 ஜனவரியில் டில்லியில் அந்தத் திட்டத்தைத் தொடங்கியபோது, கடையில் 350 ரூபாய்க்குக் குறையாத பல்பை முதலில் 10 ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். பாக்கியை மாதம் பத்துப் பத்தாக, ஒரு வருஷம், மின்சாரப் பில்லிலேயே பிடித்துக்கொள்வது ஏற்பாடு. நல்ல யோசனை. மிச்சமாகிற காசிலேயே கடன் தீர்ந்துவிடும். விசிறிக்கும் இப்படி ஒரு வழி இருந்தால் 3,000 ரூபாயைக் கண்டு யாரும் மலைக்க வேண்டியதில்லை. ஆனால் பில்லில் பிடிப்பதென்றால் முதலில் பில் என்று ஒன்று வேண்டுமே? மின்சார வாரியத்தின் எந்தக் கணக்கிலும் அவள் பெயரில் ஒரு வரி கிடையாது.

கடைசியில் புது விசிறி ஒன்று வாங்கித் தருவதென்று நாங்கள் தீர்மானித்தோம். அவள் சம்மதிக்கவில்லை.

"சும்மா வேணாம்மா. ஒரு தபா சும்மா வாங்கினதே போதும்."

சம்பளத்தில் மாதம் 200 பிடித்துக்கொள்ளலாம், 15 மாதத்தில் தீரும் என்று கணக்குச் சொன்னேன். "நூறு போதும். பாக்கி நூறாவது அவள் கையில் நிற்கட்டும்" என்றாள் என் மனைவி. முப்பது மாதம்! ஆனால் கணக்கில் என் மதிப்பு ஏற்கெனவே இறங்கியிருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை. அறையைக் காலி செய்தால் விசிறியையும் கழற்றிக்கொண்டு போகலாம் என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் அவள் தலையசைத்தாள்.

ஆனியில் விசிறி மாட்டியாயிற்று. அடுத்த மாதக் கரண்டுக் காசு பாதிக்குக் கீழே வந்துவிட்டது என்று சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள். எனக்கும் சந்தோஷம். பேச்சோடு பேச்சாக, "அந்தப் பழைய விசிறியை என்ன செய்தாய்? பழைய இரும்புக்காரனிடம் போட்டாயா?" என்று கேட்டேன்.

"அது நல்லா ஓடுதே சார், அதைப் போய்ப் போடுவாங்களா? பக்கத்து ரூம்புல ஒரு ஆயா தனியா இருக்குது. பாவம், அதுக்கு ஃபேனே இல்ல. குடுத்துட்டேன்."