பரணுக்குக் கீழே ஒரு குடித்தனம்

மும்பை வொர்லியில் இன்னும் இடிபடாத பிடிடி சால் ஒன்றின் அறைக்குள் நுழைபவர் முதலில் செருப்பைக் கழற்றுகிறார். அடுத்து தலையைக் குனிகிறார். பாதி அறையை மூடி நிற்கிறது பலகைப் பரண். மராத்தியில் போட்மாளா. தமிழ்நாட்டு வீடுகளின் பரணில் கொலு பொம்மைகளும் வெண்கலப் பானைகளும் தூங்கும். இங்கே மனிதர்களே ஏறிப் படுக்கிறார்கள்.

1920களில் பாம்பே டெவலப்மென்ட் டிபார்ட்மென்ட் கட்டிய கான்கிரீட் கட்டடங்கள் இவை. ஒரு தளத்துக்கு 20 அறைகள், ஒரு கட்டடத்துக்கு 80. அறையின் அளவு 160 சதுர அடி. அதற்குள்தான் அடுப்பு, சாமி படம், டிவி, பாத்திரம் கழுவவும் குளிக்கவும் மூலையில் 'மோரி'.

எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு: தரையில் இடம் பிடிக்கும் பொருளுக்கு இரண்டு வேலையாவது இருக்க வேண்டும். டிரங்குப் பெட்டிமீது மெத்தை விரித்தால் அது சோபா. இரும்புக் கட்டிலின் கால்களுக்குச் செங்கல் கொடுத்து உயர்த்தினால் அடியில் அரிசி டின், கோதுமை டின், இரவில் ஒரு பையன். தட்டுகளும் டம்ளர்களும் சுவரில் மாட்டிய ஸ்டீல் அடுக்கில். பெரிய பாத்திரத்துக்குள் சின்னது, அதற்குள் வெங்காயம். பகலில் படுக்கைகள் சுருண்டு பீரோவின் உச்சிக்குப் போய்விடும்.

இவ்வளவு சாமர்த்தியத்துக்குப் பிறகும் மிஞ்சுவதை வாங்கிக்கொள்வது நடைபாதை. இருபுறமும் கதவுகள் கொண்ட அந்த இருட்டு வழியில் தண்ணீர் டிரம், சைக்கிள், உடைந்த நாற்காலி எல்லாம் இருக்கும். எது யாருடையது என்பதில் சண்டையும் வரும். விருந்தாளி வந்துவிட்டால் எதிர் அறைக்காரரே பாயை வாங்கி வைத்துக்கொள்வார்.

2025 ஆகஸ்டில் வொர்லியின் முதல் 556 குடும்பங்களுக்கு 40 மாடிக் கட்டடங்களில் 500 சதுர அடி வீடுகளின் சாவி கிடைத்தது. 160 சதுர அடிக்காக உருகுவது வெளியாட்களின் பொழுதுபோக்கு. பொதுக் கழிப்பறை வரிசையில் ஆண்டுக்கணக்கில் நின்ற பெண்களிடம் அது எடுபடாது.

ஆனால் கணக்கு அவ்வளவு எளிதல்ல. அந்த அறைக்கென்றே அளவெடுத்துச் செய்த பரணைப் புது வீட்டுக்குத் தூக்கிப் போக முடியாது. அது பழைய மரத்தின் விலைக்குத்தான் போகும். லிஃப்டுக்கு வெளியே உள்ள வழியோ தீ விபத்து நேர்ந்தால் ஓடுவதற்கானது. அங்கே டிரம் வைக்க முடியாது. எதிர் வீட்டுக் கதவும் பெரும்பாலும் சாத்தியே இருக்கும். பாயை யாரிடம் கொடுப்பது?